மங்கிய ஒளி, வெந்த நீர்: வெயில் ஊர்களின் சிறு தொட்டியில் செடி வளர்ப்பு

"இதுக்கு லைட்டே வேண்டாம், சும்மா போட்டு வைங்க, வளரும்" என்று சொல்லி மீன் கடைகளில் தரும் செடிகள் சில உண்டு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன், ஜாவா மாஸ் ஆகியவை இந்தப் பட்டியலில் எப்போதும் இருக்கும். மற்ற நீர்ச்செடிகளோடு ஒப்பிட்டால் இவை மிகக் குறைந்த ஒளியில் பிழைப்பவைதான். ஆனாலும் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கார்த்திகையில் வாங்கி வைத்த செடி மாசி வரைக்கும் நன்றாக நின்றுவிட்டு, சித்திரைக்குள் மஞ்சளாகி, மெலிந்து, கரைந்து போவதைத் தொட்டி வைத்திருக்கும் பலரும் பார்த்திருப்பார்கள். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு விளக்கு வாங்குகிறோம். பாசி ஏறுகிறது. பாசிக்கு மருந்து ஊற்றுகிறோம். கடைசியில் பிளாஸ்டிக் செடிக்குப் போய்விடுகிறோம்.

இந்தத் தோல்விக்கு வெளிச்சக் குறைவை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மை என்பது என் முடிவு. நம் ஊர்களில் ஒளிக்குறைவும் நீரின் வெப்பமும் சேர்ந்து செடியைக் கொல்கின்றன. இரண்டில் வெப்பத்தை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. நமக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி 24, 25 டிகிரி நீரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. விருதுநகர் மாவட்டத்துக் கோடையில் ஒன்றரை அடித் தொட்டியின் நீர் 32 டிகிரியில் நிற்பது சாதாரணம்.

முதலில் ஒளியின் அளவைப் பார்ப்போம். நடுப்பகல் வெட்டவெளியில் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். சன்னலிலிருந்து தள்ளியிருக்கும் கூடத்தில், ட்யூப் லைட் எரியும்போதும், 100 முதல் 300 லக்ஸ்தான் இருக்கும். இந்த வேறுபாட்டை நம் கண் நமக்குக் காட்டாது. கண்பாவை விரிந்து சுருங்கி எல்லாவற்றையும் சமப்படுத்திவிடுவதால், புத்தகம் வாசிக்கப் போதுமான வெளிச்சம் செடிக்கும் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் பெரும்பாலான நீர்ச்செடிகள் தம் உயிரைத் தாங்கிக்கொள்ளவே, இலை மட்டத்தில், பல நூறு லக்ஸிலிருந்து ஆயிரம் லக்ஸ் வரை கேட்கும். ஆகவே குறைந்த ஒளித் தொட்டி என்றால் விளக்கே இல்லாத தொட்டி என்று பொருள் கொள்ளக் கூடாது. சிறிய, மிதமான எல்இடி ஒன்று கட்டாயம் வேண்டும். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. துல்லியம் குறைவு என்றாலும், கூடத்தின் மூலைக்கும் சன்னல் ஓரத்துக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அவை போதும்.

செடி பகலில் ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை சேர்க்கிறது. பகலும் இரவும் சுவாசிப்பதால் அதைச் செலவழிக்கிறது. வரவும் செலவும் சமமாகும் ஒளி அளவைத் தாவரவியலார் ஈடுசெய் புள்ளி என்பார்கள். அதற்குக் கீழே செடி சேமிப்பைத் தின்று கொண்டிருக்கும். சேமிப்பு கிழங்கிலும் தண்டிலும் இருக்கும் வரை பார்ப்பதற்கு நலமாகவே தெரியும். அனுபியாஸ் போன்ற தடித்த தண்டுள்ளவை மாதக்கணக்கில் இப்படி நிற்கும். வெப்பம் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். நீரின் வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. 24 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்குப் போனால் செலவு சுமார் ஒன்றே முக்கால் மடங்கு. ஒளி குறைந்த நிலையில் வரவோ வெப்பத்தால் அப்படி உயர்வதில்லை, ஏனென்றால் அங்கே தடையாக நிற்பது ஒளி. மார்கழியில் தாராளமாக இருந்த அதே விளக்கு சித்திரையில் பற்றாக்குறை ஆவதன் காரணம் இதுதான். விளக்கு மங்கவில்லை, செடியும் மாறவில்லை, செலவு கூடிவிட்டது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு ஹைட்ரில்லா மறக்காது. முகவைக்குள் புனல், புனலுக்கடியில் ஹைட்ரில்லாக் கொத்து, மேலே கவிழ்த்த சோதனைக்குழாய், அதில் ஏறும் ஆக்சிஜன் குமிழ்கள். கண்மாய்களிலும் கோயில் தெப்பங்களிலும் தானே வளரும் செடி என்பதால் நாம் அதைத் தொட்டிக்குள் சேர்ப்பதில்லை. ஆனால் குறைந்த ஒளியிலும் வெந்த நீரிலும் வாழ்வதில் அதற்கு நிகரானவை வெகு சில. 1976இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஹைட்ரில்லா, செரட்டோஃபில்லம், கபொம்பா என்ற மூன்று மூழ்குசெடிகளை ஒப்பிட்டது. ஈடுசெய் புள்ளி மிகக் குறைவாக இருந்தது ஹைட்ரில்லாவுக்கு, மிக அதிகமாக இருந்தது கபொம்பாவுக்கு. கடைகளில் அழகுக்காக முதலில் எடுக்கப்படும் கபொம்பா மங்கிய தொட்டியில் உதிர்ந்து போவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. ஹைட்ரில்லாவுக்கு இன்னொரு திறனும் உண்டு. நீர் சூடாகி, கரைந்த கரியமில வாயு குறையும்போது, சோளமும் கரும்பும் பயன்படுத்துவதைப் போன்ற சி4 வழிமுறைக்கு அது மாறிக்கொள்ளும். வெப்பக் கோடையில் மற்றவை தளரும்போது அது தளராமல் இருப்பதற்கு இதுவும் காரணம்.

அந்தத் திறமையே வேறோர் இடத்தில் பெரும் கேடாகவும் ஆனது. 1950களின் தொடக்கத்தில் மீன் தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா, கால்வாய்களில் கலந்து ஏரிகளை அடைத்துக்கொண்டது. அதை அகற்றுவதற்கு அந்த மாநிலம் இன்றும் பெரும்பணம் செலவிட்டு வருகிறது. தொட்டியில் வெட்டிய எந்தச் செடியையும் ஓடையிலோ கண்மாயிலோ வீசக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். நமக்கு உள்ளூர்ச் செடி வேறோர் ஊருக்குக் களை. அங்கிருந்து வந்தது நமக்கும் அப்படி ஆகலாம்; ஆகாயத்தாமரை மூடிய கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

தொட்டிக்குள் செடி வளர்க்கும் முயற்சியின் வரலாற்றில் மூன்று வழிகள் தெரிகின்றன. 1850இல் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், வாலிஸ்நேரியாச் செடியையும் தங்கமீனையும் ஒரே தொட்டியில் வைத்து நீரை மாற்றாமல் காத்ததைப் பற்றி எழுதினார். அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தபோது குளத்து நத்தைகளை விட்டு அதைச் சரிசெய்தார். செடி, மீன், நத்தை மூன்றுக்கும் இடையிலான சமநிலை என்பது அவருடைய வழி. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானின் தகாஷி அமானோ வேறொரு வழியைப் புகழ்பெறச் செய்தார்: பிரகாசமான விளக்கு, உருளையிலிருந்து கரியமில வாயு, திரவ உரம், அடிக்கடி நீர் மாற்றம். அமானோ 2015இல் மறைந்தார். இன்று இணையத்தில் நாம் வியந்து பார்க்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை அவர் வழிவந்தவை. 1999இல் அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் எழுதிய நூல் திரும்பவும் சமநிலையை நோக்கிப் போனது. மணலுக்கடியில் சாதாரண மண், குறைவான நீர் மாற்றம், மீன் கழிவே உரம்.

நம் ஊர்ச் சிறு தொட்டிக்கு அமானோவின் வழியைப் பாதியாக எடுத்துக்கொள்வது மிக ஆபத்தானது என்று கருதுகிறேன். அவர் வழியில் ஒளி, வாயு, உரம் மூன்றும் சேர்ந்து உயரும். நாம் ஒளியை மட்டும் உயர்த்துகிறோம், ஏனென்றால் விளக்குதான் மலிவு. அப்போது செடிக்குக் கரியமில வாயு போதாமல் நின்றுவிட, எஞ்சிய ஒளியைப் பாசி எடுத்துக்கொள்கிறது. டென்மார்க்கில் ரிக்சியா என்னும் மிதக்கும் செடியை வைத்து நடந்த சோதனைகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. ஒளியைக் கூட்டாமல் கரியமில வாயுவை மட்டும் கூட்டினாலே வளர்ச்சி தெளிவாக உயர்ந்தது. வாயு எளிதாகக் கிடைத்தால், அதைப் பிடிப்பதற்குச் செடி செலவிடும் உழைப்பு மிச்சமாகி ஒளியைப் பயன்படுத்தப் போகிறது. காற்றோடு சமநிலையில் நிற்கும் நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் கரியமில வாயு இருக்கும். வால்ஸ்டாட்டின் மண் மட்கும்போது மெல்லச் சுரக்கும் வாயு அந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. விலைமிக்க உருளை இல்லாத வீட்டில் எனக்கு ஏற்புடைய வழி அதுவே.

எந்த மண் என்ற கேள்வி நம் மாவட்டத்தில் தனியாகப் பேசத் தக்கது. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல். கரிசல் மண்ணில் களி அதிகம். ஊட்டத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் அதிகம். ஆனால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கும். நீரின் கடினத்தை ஏற்றும், கிளறினால் நாட்கணக்கில் கலங்கும். தொட்டிக்குச் செம்மண்ணே ஏற்றது. இரும்புச் சத்து உண்டு, சுண்ணாம்பு குறைவு. அதைச் சலித்து, இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவைத்து, ஓர் அங்குலம் பரப்பி, மேலே ஓர் அங்குலம் கழுவிய ஆற்று மணல் மூடினால் போதும். தொழுவுரம் கலக்கக் கூடாது. 32 டிகிரியில் அது வேகமாக அழுகி ஆக்சிஜனைத் தின்னும், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

இனி செடிகளின் சொந்த ஊர். குறைந்த ஒளிச் செடிகளில் பலவும் காட்டு ஓடைகளிலிருந்து வந்தவை. மரக்கூட்டத்தின் நிழலில், ஓடும் நீரில், வேரும் தண்டும் பாறையைப் பிடித்தோ சேற்றில் ஊன்றியோ வாழ்பவை. அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைகளைச் சேர்ந்தது. கிரிப்டோகொரைன் வெண்டியை 1958இல் டச்சுத் தாவரவியலாளர் தெ வித் பெயரிட்டு விவரித்தார். அது இலங்கைச் செடி. அத்தீவின் கிரிப்டோகொரைன்களில் பெரும்பாலானவை வேறெங்கும் காட்டில் இல்லாதவை. நமக்கு இத்தனை பக்கத்துத் தீவின் செடி ஐரோப்பியப் பண்ணைகள் வழியே உலகத் தொட்டிகளில் நிறைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் லேகனாண்ட்ரா மீபோல்டியும் ஹைக்ரோஃபிலா பின்னடிஃபிடாவும் கடந்த இருபது ஆண்டுகளில் அதே பாதையில் போய், இப்போது வெளிநாட்டுப் பெயரட்டையோடு நமக்கே திரும்பி வருகின்றன. கிரிப்டோகொரைன் ரெட்ரோஸ்பைராலிஸ் என்ற இன்னொரு இனமும் நம் மலை ஆறுகளுக்கு உரியது. மழைக்காலத்தில் மூழ்கியும் கோடையில் வெளியே நின்றும் வாழப் பழகியது அது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புப் பக்கம் போனால் இந்த நிழலின் தன்மை புரியும். ஓடையோரத்து மரங்கள் கிளையோடு கிளை கோத்து நிற்கின்றன. சாம்பல் நிற அணில்கள் தரையிறங்காமல் மரம் மாறுவது அந்தக் கோப்பினால். அதே கூரைதான் நீரில் விழும் வெயிலையும் சிறு துண்டுகளாக்குகிறது. வெளியே அனல் அடிக்கும் நேரத்திலும் கூரைக்குக் கீழே ஓடும் நீர் குளிர்ந்திருக்கிறது. காட்டு நிழலில் இருட்டும் குளிர்ச்சியும் ஒன்றாக வருகின்றன. நம் கூடத்து மூலையிலோ இருட்டு மட்டும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனித்தால் "நிழற்செடி" என்ற விற்பனைப் பேச்சு எவ்வளவு அரைகுறையானது என்று தெரியும்.

ஓடையில் கிடைக்குமே, பறித்து வரலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. செய்யக் கூடாது. அந்தக் காடு 1988இல் சரணாலயமாகி, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அங்கிருந்து செடி எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுவிட்டாலும், ஓர் ஓடைத் திருப்பத்தில் மட்டும் இருக்கும் கூட்டம் ஒரு பையில் அடங்கிவிடும் அளவுதான். இலங்கையின் சில கிரிப்டோகொரைன் இனங்கள் அருகிப் போனதில் வணிகப் பறிப்புக்கும் பங்கு உண்டு. சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து ஊர்க் கடைகளுக்குப் பண்ணைச் செடிகள் வருகின்றன. அவையே போதும்.

நீர் அடுத்த சிக்கல். மலையடிவாரத்து ஓடை நீர் மென்மையானது. ஊருக்குள் பல போர்வெல்களில் வருவது கடின நீர், சிலவற்றில் உப்பும் தூக்கலாக இருக்கும். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, செரட்டோஃபில்லம் ஆகியவை கடின நீரில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கரியைப் பிரித்தெடுக்க வல்லவை. மாஸ் வகைகளால் அது முடியாது. கரைந்த வாயு மட்டுமே அவற்றுக்கு உணவு. போர் தண்ணீர் வீட்டில் ஜாவா மாஸ் தேங்கிக் கிடப்பதும், வாலிஸ்நேரியா ஓடிப் பரவுவதும் இதனால். கடின நீரில் இரும்புச் சத்தும் செடிக்கு எட்டாமல் படிந்துவிடும். புதுத் தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். பழைய இலை முழுதாக மஞ்சளானால் பெரும்பாலும் நைட்ரஜன் குறைவு.

பலரும் கவனிக்காத ஒன்று ஆவியாதல். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால், கோடை முடிவதற்குள் தொட்டி நீர் குழாய் நீரைவிடப் பல மடங்கு கடினமாகிவிடும். குறைந்ததை ஈடுகட்ட மழைநீரோ ஆர்ஓ நீரோ ஊற்ற வேண்டும். போர் தண்ணீரை வாராந்தர நீர் மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நகராட்சி நீரானால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துக் குளோரினைப் போகவிட வேண்டும்.

குளிர்விப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. நம் கோடைக் காற்று வறண்டது. கணினிக்கான சிறு மின்விசிறி ஒன்றை நீர்மட்டத்தின் மேல் வீசும்படி வைத்தால் இரண்டு முதல் நான்கு டிகிரி இறங்கும். மேலே கண்ணாடி மூடிக்குப் பதில் வலை போட வேண்டும்; கண்ணாடியால் மூடினால் ஆவி வெளியேறாது, திறந்தே விட்டால் மீன் குதிக்கும். தொட்டியை ஃப்ரிட்ஜ் மேலோ, மேற்குச் சுவரோடு ஒட்டியோ, மாடியில் ஓட்டுக்கடியிலோ வைக்கக் கூடாது. தரைத்தளத்தில், கிழக்கு அல்லது வடக்குச் சன்னல் பக்கம், நேர் வெயில் படாத இடம் நல்லது. சிறிய தொட்டி சீக்கிரம் சூடாகும். முடிந்தால் ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். 42 லிட்டர் கொள்ளும். அதைவிட உயரம் வேண்டாம். ஆழம் கூடக் கூட அடிச்செடிக்கு ஒளி எட்டாது.

விளக்கு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு நிறைய. எட்டு மணி நேரம் என்பது என் பரிந்துரை, அதுவும் டைமரில். ஒளி ஈடுசெய் புள்ளிக்குக் கீழே இருந்தால் 14 மணி நேரம் எரித்தாலும் வரவு செலவை எட்டாது. அதற்குப் போதிய அளவு மேலே இருந்தால் எட்டே போதும். ஆகவே நேரத்தைக் கூட்டுவதற்கு முன் விளக்கை நீருக்கு நெருக்குங்கள், கண்ணாடியில் படிந்த உப்புத் திரையையும் தூசியையும் துடையுங்கள், மிதக்கும் செடிகளைக் குறையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் பாசி வந்தால் நேரத்தை ஒரு மணி குறைக்கலாம். புதுத் தொட்டியில் முதல் மாதம் வரும் பழுப்புப் படலம் தானே போய்விடும். அதற்கு மருந்து ஊற்றாதீர்கள்.

மீன் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3தான். இரவில் செடியும் அதிலிருந்தே எடுக்கும். கோடை விடியற்காலையில் மீன்கள் மேலே திணறினால் ஏர் பம்பை இரவில் ஓட விடுங்கள். தொட்டி ஓரத்தில் மணி பிளான்ட் தண்டு ஒன்றை, இலை வெளியேயும் வேர் நீரிலுமாகத் தொங்கவிடுவது நம் வீடுகளில் பழகிய வழி. அறிவுக்குப் பொருந்திய வழியும்கூட. காற்றிலிருந்து கரியமில வாயுவைத் தாராளமாக எடுப்பதால், உள்ளிருக்கும் செடிகளுடன் போட்டியிடாமல் மீன் கழிவின் மிகுதியை அது உறிஞ்சிவிடும்.

நடும்போது கவனிக்க வேண்டியவை சில. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிடைத்தண்டையும் மணலில் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டுங்கள். ஜாவா ஃபெர்ன் இலைக்கடியில் வரிசையாகத் தோன்றும் கரும்புள்ளிகள் நோய் அல்ல, வித்துத் தொகுதிகள். கிரிப்டோகொரைன் புதுத் தொட்டிக்கு வந்ததும் இலை முழுவதும் கரைந்து போகலாம். பண்ணைகளில் இவற்றை நீருக்கு வெளியே ஈரக்காற்றில் வளர்ப்பதால், அந்த இலைகள் நீருக்குள் நிலைக்காது. கரைந்த இலையை மட்டும் அகற்றிவிட்டு வேரைத் தொடாமல் விட்டால், சில வாரங்களில் நீருக்கேற்ற இலை வரும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியப்படும் கிரிப்டோகொரைன்களில் பல உயிருள்ளவை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

இந்தப் புது இலைக்குச் செடி தன் சேமிப்பைத்தான் செலவழிக்கிறது. ஆகவே எப்போது நடுகிறோம் என்பது எதை நடுகிறோம் என்பதற்கு இணையாக முக்கியம். நம் ஊர்களுக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில். ஐப்பசி, கார்த்திகையில் நீர் குளிர்ந்து, மழைநீரும் கைக்கு எட்டும் நேரத்தில் நட்டால், சித்திரை வெயிலுக்கு முன் நான்கைந்து மாதங்கள் கிடைக்கும். அதற்குள் வேர் பிடித்து, கிழங்கில் சேமிப்பும் ஏறிவிடும். கடையில் புதுச் சரக்கு வந்திருக்கிறது என்பதற்காகப் பங்குனியில் வாங்க வேண்டாம். அந்த மாதத்தில் செடி வேண்டும் என்று கை துறுதுறுத்தால், வாலிஸ்நேரியாவோ ஹைட்ரில்லாவோ வாங்கிப் போடுங்கள். கிரிப்டோகொரைனும் மாஸும் ஐப்பசி வரை காத்திருக்கட்டும்.